பழைய லேப்டாப்பும் பிரவுசர்ங்கிற பனங்காயும்

எல்லாருக்கும் வணக்கம். ஆன் பண்ணிட்டு குளிச்சுட்டு வந்தாலும் வட்டம் சுத்திக்கிட்டே இருக்குமே, அந்த மாதிரி ஒரு பழைய லேப்டாப் உங்க வீட்டு பரண்லயும் இருக்கும்னு நினைக்கிறேன். 2025 அக்டோபர் 14-ஓட விண்டோஸ் 10-க்கு வழக்கமான சப்போர்ட் முடிஞ்சுபோச்சு, சரி 11 போடலாம்னா அது டிபிஎம் 2.0-ங்கிற பாதுகாப்பு சிப் கேக்குது, குறைஞ்சது 4 ஜிபி ரேம் கேக்குது. அதனால இப்பல்லாம் யாரைப் பார்த்தாலும் என்கிட்ட ஒரே கேள்விதான், "சார், இருக்கறதுலயே லைட்டான லினக்ஸ் எது?"

லினக்ஸ்ங்கிறது விண்டோஸுக்குப் பதிலா போடற இலவச ஓஎஸ், அதாவது கம்ப்யூட்டரை இயக்கற அடிப்படை சாஃப்ட்வேர், அதுல பல வகை உண்டு. நான் திருப்பிக் கேப்பேன், அதுல என்ன பண்ணப் போறீங்க?

ஏன் கேக்குறேன்னா, நான் பட்ட பாடு அப்படி. என்கிட்ட ஒரு நெட்புக், அதான் குட்டி லேப்டாப், இருந்துச்சு, பிராசஸர் இன்டெல் ஆட்டம் என்270, ரேம் 1 ஜிபி. இதை உயிரோட எழுப்பியே தீருவேன்னு ராத்திரி ராத்திரியா உக்காந்தேன். முதல்ல ஒண்ணை டவுன்லோடு பண்ணி பென் டிரைவ்ல போட்டா பூட்டே ஆகல, அப்புறம்தான் தெரிஞ்சுது அந்த பிராசஸர் 32 பிட்ங்கிற பழைய வகை, நான் இறக்கினது அதுல ஓடவே ஓடாத 64 பிட். (இங்க ஒண்ணு சொல்லிடறேன், ஃபைல் பேர்ல ஏஎம்டி64-ன்னு இருந்தா நம்மது இன்டெல் ஆச்சேன்னு பயப்படாதீங்க, 64 பிட் இன்டெல்லுக்கும் அதுதான்.) அப்புறம் பப்பி லினக்ஸ்னு ஒரு வகை, அது மொத்தமா ரேம்லயே ஏறி உக்காந்துக்கும், பறந்துச்சு. டைனி கோர்னு ஒண்ணு, டெஸ்க்டாப்போட சேர்த்தே 30 எம்பி கூட வராது! ஆன்டிஎக்ஸ்ங்கிற இன்னொரு லினக்ஸும் போட்டேன், சும்மா இருக்கும்போது அது திங்கிற ரேமைப் பார்த்து பார்த்து பூரிச்சுப் போயிட்டேன்.

வீட்டம்மா வந்தாங்க, பிரவுசரைத் திறந்தாங்க, ஒரு நியூஸ் பக்கம், ஒரு வீடியோ. அவ்வளவுதான், மவுஸ் கூட நகரல. "இதுக்கா ரெண்டு மாசம் தூங்காம கிடந்தீங்க?"ன்னாங்க.

நியாயமான கேள்வி. ஓஎஸ்ஸை எவ்வளவு இளைக்க வச்சாலும் பிரவுசர் இளைக்காதுங்க. நீங்க எந்த லினக்ஸ் போட்டாலும் அந்த வெப்சைட் அதே வெப்சைட்தான், அதே ஸ்கிரிப்ட், அதே விளம்பரம். குருவி தலையில பனங்காய்ன்னு சொல்றோமே, பனங்காய் பிரவுசர்தான். திரும்பவும் சொல்றேன், ஓஎஸ் இல்ல, பிரவுசர்.

அதனால ரேமைப் பார்த்து முடிவு பண்ணுங்க. 1 ஜிபியா, நெட்டை மறந்துடுங்க, டைப் பண்ண, பாட்டு கேக்க ஆன்டிஎக்ஸ் போதும். 2 ஜிபின்னா லுபுண்டுங்கிற லினக்ஸ் ஓடும், ஆனா ரெண்டு மூணு டேப்போட நிறுத்திக்கணும். 4 ஜிபின்னா எதுக்குங்க கஷ்டப்படணும், லினக்ஸ் மின்ட்ல லைட்டான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு போட்டுட்டு நிம்மதியா இருங்க. 32 பிட் மெஷின்னா தேர்வு ரொம்பக் கம்மி ஆயிடுச்சு, பல லினக்ஸுக்கு அடிப்படையான டெபியனே அதோட 13-ஆம் பதிப்புலேர்ந்து 32 பிட் இன்ஸ்டாலரை நிறுத்திட்டாங்க, லுபுண்டு அதுக்கு முன்னாடியே நிறுத்தியாச்சு.

இன்னொண்ணு, உள்ள சுத்துற ஹார்ட் டிஸ்க் இருந்தா அதை எடுத்துட்டு ஒரு சின்ன எஸ்எஸ்டி, அதாவது சுத்தாத சிப் டிஸ்க், போடுங்க, நான் மாத்தி மாத்தி போட்ட அத்தனை லினக்ஸும் தராத வேகத்தை அது தந்துச்சு. அந்த நெட்புக்ல இல்ல, அடுத்ததுல. நெட்புக் கதை வேற, அதோட கீபோர்டுல...

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ரெண்டு விரல் காட்டறாங்க, ரெண்டு நிமிஷம்தானாம். தமிழ் டைப்பிங் பத்தி நிறைய பேசணும்னு வந்தேன். சுருக்கமா, தமிழ்99 கீபோர்டு அமைப்பு லினக்ஸ்லயும் கிடைக்கும், மொழி மாத்தி டைப் பண்ற ஐபஸ்ங்கிற புரோகிராம்ல எம்17என்ங்கிற துணைத் தொகுப்பைச் சேர்த்துக்கோங்க. இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடி பென் டிரைவ்லேர்ந்தே லைவா ஓட்டிப் பாருங்க, வைஃபை வருதா, சவுண்ட் வருதா, மூடித் திறந்தா எழுந்திருக்குதா. முக்கியமா, பழைய போட்டோவையெல்லாம் முதல்ல வேற எங்கயாவது காப்பி பண்ணிடுங்க, இன்ஸ்டாலர் டிஸ்க்கை அழிக்கவான்னு கேக்கும், நீங்களும் தூக்கக் கலக்கத்துல சரின்னுடுவீங்க. நேரம் ஆச்சுங்கறாங்க, வணக்கம்.