உறை போட்டு மூடிய கார் யாருக்குப் பகை?

நடுவர் அவர்களே, செங்கோட்டைப் பெருமக்களே, வணக்கம். 'காரின் மேல் மக்கள் வைத்திருக்கும் பாசம் சுற்றுச்சூழலுக்குத் துணையா, பகையா?' என்பது தலைப்பு. துணையே என்று பேச வந்திருக்கிறேன்.

ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் சுமார் 2.3 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது என்றார் எதிரணி அம்மையார். கணக்கு சரி. ஆனால் அந்த லிட்டரை வீணாக எரிப்பது அவசரமா, பாசமா?

நம் ஊர்ப் பாசக்காரர் காரை உறை போட்டு மூடி வைத்திருக்கிறார்! குற்றாலத்தில் சாரல் என்றால் எடுப்பார், கல்யாணம் என்றால் எடுப்பார். தெருமுனையில் பால் வாங்க எடுக்கமாட்டார், கீறல் விழுந்துவிடுமாம். அந்தப் பயம் மிச்சப்படுத்திய பெட்ரோலை எந்த விழிப்புணர்வுப் பேரணி மிச்சப்படுத்தியது?

புளியரை மலைப்பாதைக்கு வாருங்கள். கோட்டைவாசலிலிருந்து இறங்கும்போது, எரிபொருளை மிச்சம் பிடிப்பதாக நினைத்து நியூட்ரலில் உருட்டி வருகிறவர்கள் உண்டு. இன்றைய கார்களில் அது வெறும் கற்பனை. கியரில் இருக்கும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினுக்குப் பெட்ரோல் போவது நின்றுவிடும். சக்கரமே எஞ்சினைச் சுழற்றும். நியூட்ரலிலோ, அணையாமலிருக்க அது குடித்துக்கொண்டே இருக்கும். பிரேக்கும் தேயும்; அந்தத் தூளும் காற்றில்தான் கலக்கும். எஸ் வளைவில் உயிருக்கே ஆபத்து. வண்டியை அறிந்தவர் இரண்டாவது கியரில் இறங்குவார். சுற்றுச்சூழலை நினைத்தா? பிரேக்கை நினைத்து! நினைப்பு எதுவானால் என்ன, நடுவர் அவர்களே?

2020 ஏப்ரல் முதல், புகைக்குக் கடுமையான வரம்பு வைக்கும் பிஎஸ் 6 விதிப்படி வண்டிகள் வந்தும் பழையதைக் கட்டிக்கொண்டு அழுவானேன் என்றார் எதிரணித் தம்பி. நியாயம். புகை கக்கும் வண்டிக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் புதிய கார் கடைக்கு வரும் முன்பே, இரும்பு உருக்கி, அலுமினியம் வார்த்து, பல டன் கரியமில வாயு போய்விட்டது. மூன்று வருடத்துக்கு ஒரு கார் மாற்றுகிறவருக்கு எந்தக் காரின் மேலும் பாசமில்லை. பக்கத்து வீட்டு வாசலின் மேல்தான் கண்!

2018 முதல் மலை தாண்டிக் கேரளத்துப் புனலூருக்கு அகலப் பாதையில் ரயில் ஓடுகிறதே, கார் எதற்கு என்றும் கேட்டார்கள். மலைப்பாதையில் லாரிகளுக்கு நடுவே காரைச் சிக்கவைக்க மனமில்லாமல், அதை வீட்டில் நிறுத்திவிட்டு அந்த ரயிலில் ஏறுகிறவர் எங்கள் கட்சிக்காரர் ஐயா!

மணி அடித்துவிட்டது, அமர்கிறேன். ஒன்று மட்டும்: பந்தலுக்கு வெளியே ஏசிக்காக எஞ்சினை அணைக்காமல் நிற்கிறதே ஒரு வண்டி, அது எங்கள் அணியினுடையது அல்ல.