எரியா? ஏரியா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

வீரமாமுனிவரின் தமிழ்ப்பணியில் விஞ்சி நிற்பது காப்பியமா, அகராதி, இலக்கணம் போன்ற கருவி நூல்களா என்பது இன்றைய தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய அம்மா அவருடைய காப்பியமான தேம்பாவணியிலிருந்து இரண்டு பாட்டை ராகத்தோடு பாடிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். நான் அகராதியிலிருந்து எதைப் பாட? சரி, பாடாமலே பேசிப் பார்க்கிறேன்.

தேம்பாவணியைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. இயேசுவின் வளர்ப்புத் தந்தை சூசையப்பரைத் தலைவராக்கி 36 படலம், 3,615 பாட்டு. யூதேயாவை வருணிக்கப் போய் வயலும் மருதமுமாகத் தமிழ்நாட்டையே கொண்டுவந்து நிறுத்திய கை அது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கம்பரைப் படித்து ஊறியவர் கம்பர் வழியில் ஒரு காப்பியம் செய்தார் என்பதில் அதிசயம் அவருடைய திறமைதான். தமிழுக்குக் காப்பியம் பஞ்சமில்லையே! பஞ்சம் வேறிடத்தில் இருந்தது.

வேழம் என்ற சொல்லுக்குப் பொருள் தெரியவில்லை என்று வையுங்கள். அந்தக் காலத்தில் என்ன செய்வீர்கள்? நிகண்டு, அதாவது சொற்பொருளைப் பாட்டாகச் சொல்லும் நூல். சூடாமணி நிகண்டின் 11ஆம் தொகுதியில் சொற்கள் எதுகைப்படி, அதாவது இரண்டாம் எழுத்தை வைத்து, பாட்டுக்குள் அடுக்கியிருக்கும். ழகர எதுகைக்குப் போய், ஒவ்வொரு பாட்டாகச் சொல்லிக்கொண்டே வந்து, வேழம் தட்டுப்படும் இடத்தில் நிற்க வேண்டும். திண்ணைப் பள்ளியில் அடி வாங்கி மனப்பாடம் செய்தவனுக்கு இது ஒரு நிமிட வேலை. செய்யாதவன்?

இத்தாலியின் காஸ்திக்லியோனே ஊரில் 1680இல் பிறந்து, முப்பது வயதுக்கு மேல் தமிழ் படிக்க உட்கார்ந்தாரே, அந்த இயேசு சபைக் குருவுக்குத்தான் தெரியும் படி எங்கே தடுக்குகிறது என்று! 1732இல் சதுரகராதி செய்தார். பாட்டை உடைத்தார். 'வே' என்ற எழுத்துக்குப் போனால் வேழம், பக்கத்திலேயே பொருள். யானை, மூங்கில், கரும்பு, முடிந்தது வேலை.

எதிரணி நண்பர் கேட்டார்: "1594லேயே அகராதி நிகண்டு இருந்ததே, இவர் என்ன புதிதாகச் செய்தார்?" இருந்தது ஐயா, மறுக்கவில்லை. சிதம்பர ரேவண சித்தர் சொற்களை அகர வரிசைக்குக் கொண்டுவந்த பெரியவர். ஆனால் அதுவும் சூத்திரமாக, யாப்புக்குள்தான் இருந்தது. அந்த யாப்பிலிருந்து சொல்லை விடுவித்தவர் இவர்.

சதுர் என்றால் நான்கு. பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு அகராதி. நான்காவதைக் கவனியுங்கள். தொடையகராதி, எதுகைக்குச் சொல் தேடுகிறவனுக்கானது. எதுகை மோனையோடு 3,615 பாட்டு எழுதி முடித்த மனிதர், தன் இடுப்புச் சாவிக்கொத்தைக் கழற்றி வருகிற புலவனுக்கெல்லாம் கொடுத்துவிட்டார். எந்தக் கவிஞர் செய்வார் இதை? (நடுவரும் கவிஞர்தான், கோபிக்கக் கூடாது.)

அப்புறம் கொடுந்தமிழ் இலக்கணம். அன்றைக்கு மக்கள் பேசிய தமிழுக்கு 1728இல் லத்தீனில் இலக்கணம் எழுதினார். "வெள்ளைக்காரப் பாதிரிகளுக்காகத்தானே எழுதினார்?" என்று சிரித்தார்கள். ஆமாம், அவர்களுக்காகத்தான். ஆனால் 18ஆம் நூற்றாண்டுத் தமிழன் வீட்டிலும் தெருவிலும் எப்படிப் பேசினான் என்று இன்றைக்குத் தேடுகிறவர்கள் அந்த நூலைத்தானே புரட்டுகிறார்கள்? இன்னொன்று. தரங்கம்பாடியில் இருந்த லுத்தரன் சபைப் பாதிரிகளோடு கத்தோலிக்கரான இவருக்கு ஓயாத சண்டை. அவர்களைக் கண்டித்துப் புத்தகமே எழுதியவர். அதே தரங்கம்பாடி அச்சகம்தான் 1738இல் இவருடைய இலக்கணத்தை அச்சிட்டது. சண்டைக்காரனே அச்சுக் கோத்துத் தருகிறான் என்றால் அந்தக் கருவி எவ்வளவு தேவைப்பட்டிருக்கும்!

கடைசியாக ஒரு சின்னச் சுழி. பழைய முறையில் குறில் எகரத்துக்குத்தான் புள்ளி. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று பெரும்பாலும் விட்டுவிடுவார்கள். ஏட்டில் ஒரு சொல் இருக்கும். அது எரியா, ஏரியா? நெருப்பா, நீரா? முன்பின் படித்துப் பார்த்து முடிவு செய்ய வேண்டும். இவர் நெடிலுக்குத் தனி வடிவம் தந்தார். எழுத்தை நீட்டினார், கொம்பைச் சுழித்தார். குழப்பம் போயிற்று.

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன். நடுவர் அவர்களே, தீர்ப்பைக் காப்பியத்துக்கே கொடுங்கள், எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதைத் தாளில் எழுதும்போது 'தேம்பாவணி' என்றுதானே தொடங்குவீர்கள்? அந்த முதல் எழுத்துக்கு அவர் சுழித்த கொம்பைப் போடாமல் எழுதிப் பாருங்கள்.