ஒரே பட்டம், பல துறை: ‘பிள்ளை’ வரிசை நூல்களும் ஆசிரியர் பெயரடைவும்
(நூலக வார விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

இவ்விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, நகர்மன்றக் கூட்டத்தை முடித்த கையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நகர்மன்றத் தலைவர் அவர்களே, அழைத்த மாத்திரத்தில் இசைவு தந்த மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, இந்த நூலகம் நிற்கும் மனையைத் தானமாக வழங்கிய குடும்பத்தின் மூத்தவரும் இன்றும் நாள்தோறும் இங்கு வந்து நாளிதழ் படிப்பவருமான அம்மையார் அவர்களே, மேனிலைப் பள்ளித் தலைமையாசிரியர் அவர்களே, நாற்காலிகளைத் தம் தோளில் சுமந்துவந்து போட்ட பதினோராம் வகுப்பு மாணவ மாணவியரே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். எனக்குப் பொன்னாடை அணிவித்த நூலகர் அவர்களுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். அவர் இல்லையென்றால் நான் இன்று பேசப்போகும் நூல்களில் பாதியை நான் பார்த்திருக்கவே முடியாது.

ஐந்து விரலும் ஒன்றாகுமா என்று நம் வீடுகளில் கேட்பார்கள். இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு கேள்விதான். மூன்று செய்திகளைச் சொல்ல நினைக்கிறேன். ‘பிள்ளை’ என்று முடியும் பெயருடைய தமிழ் ஆசிரியர்கள் எத்தனை துறைகளில் எழுதினார்கள், அவர்களை நூலகத்தில் பிரித்துக் காட்டும் பெயரடைவு ஏன் வேண்டும் என்பது முதலாவது. அதே பட்டம் தாங்கிய மலையாள ஆசிரியர்களைப் பற்றியது இரண்டாவது. அச்சில் இல்லாத நூல்களை மறுபதிப்புக்குக் கொண்டுவருவது மூன்றாவது.

நம் ஊரில் பிள்ளை என்பது ஒருவரது குடும்பத்தைக் காட்டும் பெயர் அன்று. பெயரின் பின்னால் சேர்ந்த பட்டம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சிடம் துபாஷியாக, அதாவது மொழிபெயர்த்து உதவும் முகவராக, இருந்த ஆனந்தரங்கரும், மாயூரத்தில் முன்சீபாக இருந்த கத்தோலிக்கரான வேதநாயகரும், யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த தாமோதரரும் உறவினர் அல்லர். ஒரே ஊரினரும் அல்லர். ஆனால் குடும்பப் பெயரை முன்னால் போடும் மேலைநாட்டு முறையைப் பின்பற்றும் நூலகப் பட்டியல்களில் இவர்கள் எல்லோரும் ‘பிள்ளை’ என்ற ஒரே சொல்லின் கீழ் அடுத்தடுத்து நிற்கிறார்கள்.

அப்படி நிற்பவர்களைச் சற்றுப் பாருங்கள். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, துணி விலை ஏறியது, ஆளுநர் கோபப்பட்டார், மழை பெய்தது என்று எதையும் விடாமல் எழுதிவந்து, புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்வதற்குச் சில நாள் முன்பு 1761 ஜனவரியில் மறைந்தார். அந்த நாட்குறிப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பு 1904 முதல் 1928 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. இது வரலாறு. மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1879இல் வெளியிட்ட ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ தமிழின் முதல் நாவல் என்று பள்ளிக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் அவரே 1862இல் நீதிமன்றத் தீர்ப்புகளைச் சுருக்கித் தமிழில் ‘சித்தாந்த சங்கிரகம்’ என்று தந்ததும், அவருடைய சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் கச்சேரி மேடைகளில் பாடப்படுவதும் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒருவரே நாவலிலும் சட்டத்திலும் இசையிலும் மூன்று அலமாரிகளில் இருக்கிறார் என்றால், பட்டத்தை மட்டும் பார்த்து அவரை எங்கே தேடுவது?

மனோன்மணீயம் சுந்தரம் பிள்ளை திருவனந்தபுரத்தில் தத்துவப் பேராசிரியர். அவருடைய நாடகம் 1891இல் வந்தது. அதன் வாழ்த்துப் பாடலைத்தான் 1970 முதல் அரசு விழாக்களில் எழுந்து நின்று பாடுகிறோம். அவர் திருவிதாங்கூர் அரசர்களின் கல்வெட்டுகளை ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதியதோடு, அறிவுத் துறைகளை வகைப்படுத்தி விளக்கும் ‘நூற்றொகை விளக்கம்’ என்ற நூலையும் இயற்றினார். நூல்களை வகைப்படுத்துவது பற்றி எழுதியவரையே நம்மால் சரியாக வகைப்படுத்த முடியவில்லை என்பது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

அஞ்சல் துறை அதிகாரியாக இருந்த கனகசபைப் பிள்ளை, ஆயிரத்து எண்ணூறு ஆண்டுகளுக்கு முந்தைய தமிழர் வாழ்வைப் பற்றிய ஆங்கில நூலை 1904இல் வெளியிட்டார். தாமோதரம் பிள்ளை கலித்தொகையையும் வீரசோழியத்தையும் ஏட்டிலிருந்து அச்சுக்குக் கொண்டுவந்தார். வையாபுரிப் பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியின் பதிப்பாசிரியர். தேரூரில் பிறந்த கவிமணி தேசிக விநாயகம் பிள்ளை குழந்தைகளுக்குப் பாட்டு எழுதிய அதே கையால் ‘காந்தளூர்ச் சாலை’ என்ற வரலாற்று ஆராய்ச்சியையும் எழுதினார். ஐந்து விரலும் ஒன்றாகுமா?

இங்கே ஒரு நிகழ்ச்சியைச் சொல்லியாக வேண்டும். எனக்கு வேண்டிய பெரியவர் ஒருவர், ஓய்வுபெற்ற கணித ஆசிரியர். அவருடைய ஊர்க் கோயில் சுவரில் ஒரு கல்வெட்டு உண்டு. அதில் அரசரின் ஆட்சியாண்டு, மாதம், பட்சம், கிழமை, நட்சத்திரம் எல்லாம் இருக்கின்றன, ஆங்கில ஆண்டு மட்டும் இல்லை. குடமுழுக்கு மலரில் அதைக் கணக்கிட்டுப் போட வேண்டும் என்பது அவர் ஆசை. எல்.டி. சாமிக்கண்ணு பிள்ளை 1922இல் வெளியிட்ட பெரும் பஞ்சாங்க நூல் கி.பி. 700 முதல் 1799 வரை ஒவ்வொரு நாளுக்கும் திதியும் நட்சத்திரமும் தருகிறது; அந்த அரசர் ஆண்ட காலத்துக்குள் எந்த ஆண்டில் இந்தக் கிழமையும் நட்சத்திரமும் ஒருங்கே அமைகின்றன என்று அதைக்கொண்டு சரிபார்க்கலாம் என்று யாரோ அவருக்குச் சொன்னார்கள். அவரும் ஒரு பெரிய நூலகத்துக்குப் பேருந்தேறிப் போனார். கணினியில் தட்டினார்கள். ‘பிள்ளை, எஸ்.’ என்று ஒரு வரி வந்தது. எடுத்து வந்தால் அது வையாபுரிப் பிள்ளையின் இலக்கியக் கட்டுரைகள். அப்போது இவர் திரும்பிவிட்டார். அடுத்த முறை போனபோது, ‘ஐயா, பிள்ளைவாள் பாட்டுப் புத்தகமா?’ என்று கேட்டு, ‘மலரும் மாலையும்’ நூலைக் கையில் கொடுத்தார்கள். பெரியவர் அதையும் மறுக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோனார். பேத்தி அதை மூன்று நாளில் மனப்பாடம் செய்து, பாட்டியிடம் பாடிக்காட்டிவிட்டாள். வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. கல்வெட்டு மட்டும் அப்படியே இருந்தது. பிறகு ஒருநாள், அங்கே தூசி துடைக்கும் பணியாளர் ஒருவர் இவருடைய முகவாட்டத்தைப் பார்த்து விவரம் கேட்டு, ‘கட்டம் கட்டமா எண்ணு போட்ட தடிப் புத்தகமா? ஜோசிய வரிசையில இருக்குது சாமி’ என்று எடுத்துக்கொடுத்தார்! பெரியவர் அன்றைக்கே கணக்கைத் தொடங்கி, மலர் அச்சுக்குப் போகும் முன் ஆண்டையும் தேதியையும் கண்டுபிடித்துவிட்டார். அந்தப் பணியாளரின் பெயரும் மலரின் நன்றியுரையில் இடம்பெற்றது.

அவர் உதவியது பெருமைதான். ஆனால் ஒரு நூலைக் கண்டுபிடிப்பது ஒரு மனிதரின் நினைவாற்றலை மட்டும் நம்பி இருக்கலாமா? அவர் ஓய்வு பெற்றுப் போன மறுநாள் அடுத்த பெரியவர் யாரிடம் கேட்பார்? சீர்காழியில் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931லேயே வாசகரின் நேரத்தைச் சேமி என்று நூலகவியலின் விதிகளுள் ஒன்றாக எழுதி வைத்தார். 1934இல் பட்டியலாக்கத்துக்கென்றே தனி விதிநூலும் தந்தார். அந்த மண்ணிலிருந்துகொண்டு பட்டத்தை முன்னால் போட்டு ஆசிரியரைத் தொலைப்பது நமக்குத் தகாது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. பிற்காலத்தில் பலர் பட்டத்தை விட்டுவிட்டார்கள், அது வரவேற்கத்தக்கது. ஆனால் அதனால் ஒரே ஆசிரியர் பட்டியலில் பலராகப் பிரிந்துபோகிறார். ‘மெய்யறம்’ எழுதிய, தொல்காப்பிய இளம்பூரணர் உரையைப் பதிப்பித்த கப்பலோட்டிய தமிழர், ஓரிடத்தில் சிதம்பரம் பிள்ளை, ஓரிடத்தில் சிதம்பரனார், இன்னோரிடத்தில் வ.உ.சி. மூன்று இடத்தையும் தேடத் தெரிந்தவருக்கே அவருடைய எழுத்து முழுவதும் கிடைக்கும். பலரை ஒருவராக்குவதும், ஒருவரைப் பலராக்குவதும் ஒரே பிழையின் இரு முனைகள்.

மலையாளத்தைப் பற்றி ஒன்று சொல்லி நகர்கிறேன். ‘மனோன்மணீயம்’ வெளிவந்த அதே 1891இல்தான் சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்ட வர்மா’ நாவலும் வெளிவந்தது. அங்கும் பின்னர் ‘செம்மீன்’ எழுதிய தகழி சிவசங்கரப் பிள்ளை வரை ஒரு நீண்ட வரிசை இருக்கிறது. அதைப் பேச ஒரு மாலை வேண்டும். மறுபதிப்பு பற்றியும் இன்று பேச நேரமில்லை. கண்டுபிடிக்கவே முடியாத நூலை யார் மறுபதிப்புச் செய்யப் போகிறார்கள்? ஆகவே எனக்கு முதல் வேலை பெயரடைவுதான்.

மாவட்ட நூலக அலுவலர் அவர்களே, தங்களிடம் வாசகர் வட்டத்தின் சார்பில் கேட்பது இதுதான். ஒவ்வொரு கிளை நூலகத்திலும் தமிழ் ஆசிரியர்களுக்கு ஒரு பெயரடைவு வேண்டும். அதில் ஆசிரியரின் சொந்தப் பெயர் முதலில் வர வேண்டும். தலைப்பெழுத்துகள் விரித்து எழுதப்பட வேண்டும். ஊரும், பிறந்த இறந்த ஆண்டுகளும், எழுதிய துறைகளும் உடன் இருக்க வேண்டும். அவருடைய மற்றப் பெயர் வடிவங்கள் எல்லாம் அந்த ஒரே பதிவுக்கு வழிகாட்ட வேண்டும். நகர்மன்றத் தலைவர் அவர்களே, சொத்து வரியோடு நாங்கள் நூலக வரியும் கட்டுகிறோம். அந்தப் பணம் நூலக ஆணைக்குழுவுக்குத் தவணை தவறாமல் போய்ச் சேருமாறு தாங்கள் பார்த்துக்கொண்டால், இந்தப் பணிக்குத் தேவையான கணினிக்கும் தட்டச்சருக்கும் வேறெங்கும் கையேந்த வேண்டியதில்லை. ஐந்து விரலும் ஒன்றல்ல என்று வாயால் சொல்லும் நாம், அட்டவணையிலும் அதை எழுதிக்காட்ட வேண்டும்.

தலைமையாசிரியர் ஐயா அவர்கள் ஏற்கெனவே இசைவு தந்துவிட்டார்கள். வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்குப் பதினோராம் வகுப்பு மாணவர்கள் இந்த அறையில் கூடி, நூலகரின் மேற்பார்வையில் ‘பிள்ளை’ வரிசையிலிருந்தே பதிவைத் தொடங்குகிறார்கள். ஐயர், முதலியார், செட்டியார் வரிசைகள் அடுத்து வரும். வீட்டில் பழைய பதிப்புகள் வைத்திருப்போர் முகப்புப் பக்கத்தைப் படமெடுத்து நூலகரிடம் தரலாம். அலுவலர் அவர்களுக்கு அளிக்கவிருக்கும் மனு இந்த மேசையின் இடப்புறம் இருக்கிறது. வீட்டுக்குப் புறப்படும் முன் ஒவ்வொருவரும் அதில் கையொப்பமிடும்படி கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.