லட்சத்துக்கு 442, லட்சத்துக்கு 180

நேயர்களுக்கு வணக்கம்.

பக்கத்தில் தாளும் பேனாவும் இருந்தால் நான்கு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: 442, 457, 180, 158. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2017 ஜூலையில் வெளியிட்ட கணக்கு இது. 2013 வரையிலான ஐந்தாண்டுகளில், அந்நாட்டின் கிராமப்புறக் கவுன்டிகளில் ஆண்டுக்கு லட்சம் பேரில் 442 பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது. நகர்ப்புறக் கவுன்டிகளில் 457 பேருக்கு. இதோடு நிறுத்திக்கொண்டால், கிராமத்துக் காற்றும் உழைப்பும் உடம்பைக் காக்கின்றன என்று நினைத்துக்கொள்வோம். மீதி இரண்டு எண்களையும் பாருங்கள். 2015 வரையிலான ஐந்தாண்டுகளில் புற்றுநோயால் இறந்தவர்கள் கிராமப்புறத்தில் லட்சத்துக்கு 180, நகர்ப்புறத்தில் 158. நோய் குறைவாகப் பதிவாகிற இடத்தில்தான் சாவு கூடுதல். போதாததற்கு, நகரங்களில் இறப்பு வீதம் ஆண்டுக்கு 1.6 சதவீதம் இறங்கிக்கொண்டிருந்தபோது கிராமங்களில் 1 சதவீதம்தான் இறங்கியது. அதாவது இடைவெளி ஆண்டுக்கு ஆண்டு விரிந்தது.

இந்த முரண் எங்கிருந்து வருகிறது? அதைப் புரிந்துகொள்ள, ஒரு கவுன்டியின் புற்றுநோய் எண் எப்படிப் பிறக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 3,100-க்கும் அதிகமான கவுன்டிகள் இருக்கின்றன. நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் அளவில் ஒன்றுக்கொன்று தொடர்பே கிடையாது. லாஸ் ஏஞ்சலஸ் கவுன்டியில் ஏறக்குறைய ஒரு கோடிப் பேர். டெக்சஸில் லவிங் என்றொரு கவுன்டி. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அங்கே இருந்தவர்கள் 64 பேர். அந்த 64 பேரில் ஒருவருக்கு ஓர் ஆண்டில் புற்றுநோய் வந்துவிட்டால் வீதம் என்ன ஆகும்? லட்சத்துக்கு 1,562. தேசிய அளவைப்போல் மூன்று மடங்குக்கும் மேல்! அடுத்த ஆண்டு யாருக்கும் வரவில்லை என்றால் பூஜ்யம். இரண்டு எண்களும் அந்த ஊரைப் பற்றி எதையும் சொல்லவில்லை.

எது கிராமம், எது நகரம் என்பதைப் பெரும்பாலான ஆய்வுகள் அந்நாட்டு வேளாண் துறையின் குறியீட்டை வைத்து முடிவு செய்கின்றன. ஒவ்வொரு கவுன்டிக்கும் 1 முதல் 9 வரை ஓர் எண். 1, 2, 3 பெருநகர வட்டாரங்கள். 4 முதல் 9 வரை அதற்கு வெளியே. 8-ம் 9-ம் ஏறக்குறைய முழுக் கிராமங்கள். பெருநகர வட்டாரத்தை ஒட்டியிருந்தால் 8, ஒட்டாவிட்டால் 9. கேட்க ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஆனால் கவுன்டி முழுவதற்கும் ஒரே எண் என்பதால் சிக்கல் வருகிறது. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ கவுன்டி 20,000 சதுர மைல் பரப்பு. மேற்கு மூலையில் நெருக்கமான நகரம், மீதியெல்லாம் மொஹாவி பாலைவனம். குறியீடோ 1. பாலைவனத்து ஊரில் இருப்பவர் ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணி நேரம் கார் ஓட்டினாலும், கணக்கில் அவர் பெருநகரவாசி. வேலைக்குப் போகிறவர்களில் நாலில் ஒரு பங்கினர் நகரத்துக்குப் போய் வந்தாலே, சுற்றிலும் வயலாக இருக்கிற கவுன்டியும் பெருநகர வட்டாரத்தில் சேர்ந்துவிடும்.

அடுத்தது வயது. புற்றுநோய் பெரும்பாலும் மூத்த வயதின் நோய். இளைஞர்கள் வேலை தேடி நகரத்துக்குப் போய்விட்ட கிராமத்தில் முதியவர்களே மிஞ்சியிருப்பார்கள். ஒரு கற்பனைக் கணக்கு போடலாம். இரண்டு கவுன்டிகளிலும் 60 வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு லட்சத்துக்கு 150, 60-க்கு மேலே 1,500 என்று நோயின் வேகம் ஒன்றுதான் என்று வையுங்கள். நகரக் கவுன்டியில் 60-ஐத் தாண்டியவர்கள் 20 சதவீதம். மொத்த வீதம் 420. கிராமக் கவுன்டியில் 35 சதவீதம். மொத்த வீதம் 622. நோயின் வேகத்தில் இம்மியளவும் மாற்றம் இல்லை, எண் மட்டும் ஒன்றரை மடங்கு! அதனால்தான் நோயாளிகளின் கணக்கைத் திரட்டும் அமெரிக்கப் புற்றுநோய்ப் பதிவகங்கள் எல்லாக் கவுன்டிகளையும் 2000-ஆம் ஆண்டின் தேசிய வயது விகிதத்துக்குக் கொண்டுவந்த பிறகு ஒப்பிடுகின்றன. இதற்கு வயதுச் சீராக்கம் என்று பெயர். தொடக்கத்தில் சொன்ன 442-ம் 457-ம் இப்படிச் சீராக்கியவைதான். 'எங்கள் ஊரில் வீட்டுக்கு வீடு கேன்சர்' என்று யாராவது ஒரு பட்டியலை நீட்டினால் முதல் கேள்வி, வயதைச் சீராக்கினீர்களா என்பதுதான். அந்த ஊர்க்காரரின் பயத்தைத் தட்டிக்கழிக்க இதைச் சொல்லவில்லை. பயம் நியாயமாக இருந்தால், சீராக்கிய பிறகும் அந்த எண் நிற்கும்.

சிறிய எண்ணிக்கைதான் எல்லாவற்றிலும் பெரிய பொறி. சிறுநீரகப் புற்றுநோய் அமெரிக்காவில் ஆண்டுக்கு லட்சத்தில் சுமார் 17 பேருக்கு வருகிறது. 5,000 பேர் வாழும் கவுன்டியில் ஆண்டுக்கு ஒருவர்கூட எதிர்பார்க்க முடியாது. ஐந்தாண்டு சேர்த்தால் நாலு பேர். இரண்டு பேர் கூடினாலும் குறைந்தாலும் வரைபடத்தில் அந்தக் கவுன்டியின் நிறமே மாறிவிடும். அதனால் நாட்டிலேயே மிக அதிகமான வீதமும் மிகக் குறைந்த வீதமும் ஒரே மாதிரிக் குட்டிக் கவுன்டிகளில்தான் விழும். பதிவகங்கள் இதற்கு ஒரு வேலி போட்டிருக்கின்றன: 16-க்குக் கீழே இருக்கும் எண்ணிக்கைக்கு வீதம் வெளியிடுவதில்லை. ஏன் 16? எண்ணிக்கையின் வர்க்கமூலத்தைக் கொண்டு 1-ஐ வகுத்தால் பிழையின் அளவு தோராயமாகக் கிடைக்கும். 16-க்கு அது நாலில் ஒன்று, 25 சதவீதம். அதற்குக் கீழே போனால் எண் ஆட்டம் காண்கிறது. தனி ஆள் யாரென்று ஊரில் தெரிந்துவிடக் கூடாது என்ற அக்கறையும் இதில் அடங்கியிருக்கிறது.

அமெரிக்காவில் உள்ள நம்மவர்கள் தங்கள் கவுன்டியின் கணக்கை அரசின் இணையதளத்திலேயே பார்க்கலாம். பார்க்கும்போது வீதத்தோடு நிறுத்தாதீர்கள். பக்கத்திலேயே இரண்டு எண்கள் கீழெல்லை, மேலெல்லை என்று கொடுத்திருப்பார்கள். உண்மையான வீதம் இந்த இரண்டுக்கும் இடையே எங்கும் இருக்கலாம் என்று பொருள். ஐந்தாண்டில் 20 நோயாளிகள், வீதம் 40 என்று இருந்தால், எல்லைகள் சுமாராக 24-லிருந்து 62 வரை விரியும். அதே வீதம் 500 நோயாளிகளை வைத்து வந்திருந்தால் 36.6-லிருந்து 43.7-க்குள் அடங்கும். மாநில சராசரி 45 என்று வைத்துக்கொண்டால், முதல் கவுன்டியை அதோடு ஒப்பிட்டு 'எங்கள் ஊர் பரவாயில்லை' என்று சொல்ல வழியே இல்லை.

இப்போது நோயாளியின் பதிவு போகும் பாதை. மலைப்பகுதி ஆஸ்பத்திரி ஒன்றில் திசு எடுக்கிறார்கள். அறுவை சிகிச்சை பல்கலைக்கழக மருத்துவமனையில். கதிர்வீச்சு மூன்றாவது இடத்தில். மூன்று இடங்களிலிருந்தும் மாநிலப் பதிவகத்துக்குத் தகவல் வருகிறது. அங்கே இருக்கும் பதிவாளர் மூன்றும் ஒரே ஆள்தான் என்று பிறந்த தேதி, பெயர், கட்டியின் இடம் எல்லாம் பார்த்து ஒன்றாக்க வேண்டும். எந்தக் கவுன்டிக் கணக்கில் சேரும்? ஆஸ்பத்திரி இருக்கும் கவுன்டியில் அல்ல, நோய் கண்டறிந்த நாளில் அவர் குடியிருந்த கவுன்டியில். இங்கேதான் கிராமத்துக்கு இடி விழுகிறது. கிராமத்தில் பலர் வீட்டு முகவரிக்குப் பதில் தபால் பெட்டி எண்ணைத்தான் கொடுப்பார்கள். தபால் நிலையம் அடுத்த கவுன்டியில் இருந்தால் நோயாளியும் அங்கே குடியேறிவிடுகிறார், காகிதத்தில். மாநில எல்லையில் இருக்கும் கவுன்டிக்காரர் பக்கத்து மாநிலத்தில் சிகிச்சை எடுத்தால், இரண்டு மாநிலப் பதிவகங்களுக்கும் இடையே தகவல் பரிமாற்ற ஒப்பந்தம் இருந்தால்தான் அவர் எண்ணப்படுவார். டாக்டரின் கிளினிக்கிலேயே மச்சத்தை வெட்டி எடுத்து முடித்துவிடும் தோல் புற்றுநோயும் எளிதில் விட்டுப்போகும்.

விட்டுப்போனதைப் பிடிக்கக் கடைசி வலை இறப்புச் சான்றிதழ். சான்றிதழில் புற்றுநோய் என்று இருந்து பதிவகத்தில் பெயர் இல்லையென்றால், பின்னோக்கிப் போய்த் தேடுவார்கள். எங்கும் கிடைக்காவிட்டால் 'இறப்புச் சான்றிதழ் மட்டும்' என்று பதிவாகும். நல்ல பதிவகத்தில் இப்படிப்பட்டவை 3 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், மொத்தப் பதிவு 95 சதவீதமாவது முழுமையாக இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்கப் பதிவகங்களின் உயர்ந்த தரம்.

நான் அழுத்திச் சொல்ல வேண்டியது இதுதான்: தேடினால்தான் நோய் பதிவாகும். மார்பகத்துக்கு மேமோகிராம், ப்ராஸ்டேட்டுக்கு பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை என்று நகரத்தில் தேடுகிறார்கள். ஆகவே எண் ஏறுகிறது. அதில் ஒரு பகுதி, கண்டுபிடிக்காமலே விட்டிருந்தாலும் உயிரைத் தொட்டிருக்காத கட்டிகள். கிராமத்தில் தேடாததால் எண் இறங்கியிருக்கிறது. தொடக்கத்தில் சொன்ன அதே 2017 அறிக்கையில் கிராமங்களில் நகரத்தைவிடக் கூடுதலாக இருந்த புற்றுநோய்கள் எவை தெரியுமா? நுரையீரல், பெருங்குடல், கருப்பை வாய். முதலாவது பெரும்பாலும் புகையிலையின் விளைவு. மற்ற இரண்டும் பரிசோதனையில் முன்கூட்டியே பிடித்து, புற்றாக மாறும் முன்பே அகற்றக்கூடியவை. ஆகவே ஒரு கவுன்டியில் மார்பகப் புற்று குறைவாகவும் கருப்பை வாய்ப் புற்று அதிகமாகவும் தெரிந்தால், அது ஆரோக்கியத்தின் அடையாளம் அல்ல, மருத்துவம் எட்டாததன் அடையாளம். இறப்பு வீதத்தை நிகழ்வு வீதத்தால், அதாவது புதிதாக நோய் கண்டறியப்படும் வீதத்தால், வகுத்தும் பாருங்கள். 180-ஐ 442-ஆல் வகுத்தால் 0.41. 158-ஐ 457-ஆல் வகுத்தால் 0.35. தோராயமான அளவுகோல்தான், ஆனாலும் கண்டறிதல் எவ்வளவு தாமதம், சிகிச்சை எவ்வளவு தூரம் என்பதை இது போல் சுருக்கமாகக் காட்டும் எண் வேறில்லை என்பது என் கணிப்பு.

இந்தியாவின் முதல் கிராமப்புறப் புற்றுநோய்ப் பதிவகம் 1987-ல் மகாராஷ்டிரத்தின் பார்ஷியில் தொடங்கியபோதும் இதே பாடம்தான் கிடைத்தது. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு பதிவுக்காகக் காத்திருந்தால் யாரும் வரமாட்டார்கள். ஊர் ஊராகப் போய், அறிகுறிகளைச் சொல்லி, பரிசோதனைக்கு வரவழைத்த பிறகுதான் எண்ணவே முடிந்தது.

கிராமம் என்றால் ஒரே மாதிரி என்றும் எண்ண வேண்டாம். கென்டக்கி மாநிலத்தின் கிழக்கே அப்பலாச்சிய மலைக் கவுன்டிகள்: நிலக்கரிச் சுரங்கம், தலைமுறைகளாகப் புகைபிடிக்கும் பழக்கம். மாநில அளவிலேயே நுரையீரல் புற்று தேசிய சராசரியைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு. யூட்டாவிலும் பரந்த கிராமப்புறம் உண்டு. ஆனால் மத நெறியால் புகையிலையைத் தொடாதவர்கள் மிகுதி, ஆகவே நுரையீரல் புற்றுநோய் நாட்டிலேயே மிகக் குறைந்த மாநிலம் அது. தொலைவு நோயைத் தருவதில்லை. தொலைவோடு சேர்ந்து வரும் புகையும் வறுமையும் தாமதமுமே தருகின்றன.

கவுன்டி வரைபடத்தை வீட்டுக்குள் கொண்டுவரக் கூடாது என்பதற்கு ரேடான் நல்ல உதாரணம். மண்ணிலிருந்து கசிந்து வீட்டுக்குள் தேங்கும் இந்தக் கதிரியக்க வாயு, அமெரிக்காவில் ஆண்டுக்கு 21,000 நுரையீரல் புற்றுநோய் இறப்புகளுக்குக் காரணம் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை மதிப்பிடுகிறது. முகமை கவுன்டிகளை மூன்று மண்டலங்களாகப் பிரித்து ஒரு வரைபடம் போட்டது. கூடவே, அதைப் பார்த்து வீட்டைச் சோதிக்காமல் விடாதீர்கள் என்றும் சொன்னது. காரணம், குறைந்த மண்டலத்திலும் ஒரு வீட்டில் அளவு ஏறியிருக்கலாம். பக்கத்து வீட்டில் இல்லாமலும் இருக்கலாம். சோதனை எளிது. கடையில் கிடைக்கும் சின்ன டப்பாவை, குடும்பம் புழங்கும் மிகக் கீழான தளத்தில், தரையிலிருந்து ஒன்றே முக்கால் அடிக்கு மேல் வைக்க வேண்டும். சமையலறையிலும் குளியலறையிலும் வைக்கக் கூடாது. 12 மணி நேரம் முன்பிருந்தே ஜன்னல், கதவுகளைச் சாத்திவைக்க வேண்டும். ஜன்னலைத் திறந்து போட்டுவிட்டு 'எங்கள் வீட்டில் ஒன்றுமில்லை' என்று நிம்மதி அடைவதுதான் வழக்கமான தவறு. லிட்டருக்கு 4 பிகோகியூரி (கதிரியக்கத்தை அளக்கும் அலகு) அல்லது அதற்கு மேல் வந்தால், தளத்துக்கு அடியிலிருந்து குழாய் போட்டு, மின்விசிறி வைத்து வாயுவைக் கூரைக்கு மேலே வெளியேற்றுவார்கள்.

நம்பிக்கை தரும் பகுதியும் கென்டக்கியில்தான் இருக்கிறது. 1990-களின் முடிவில் அங்கே உரிய வயதினரில் மூன்றில் ஒரு பங்கினர்தான் பெருங்குடல் பரிசோதனை செய்திருந்தார்கள். பத்தாண்டில் அது மூன்றில் இரண்டு பங்கை நெருங்கியது, நோயும் குறைந்தது. பதிவகத்தின் கவுன்டிக் கணக்கை மேசையில் வைத்துக்கொண்டு, எந்தக் கவுன்டியில் முற்றிய நிலையில் வருகிறார்கள் என்று பார்த்து அங்கே ஆளனுப்பினார்கள். இப்போது 45 வயதிலிருந்தே இந்தப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. மலக் குருதிச் சோதனை என்றால் ஆண்டுக்கொரு முறை. பெட்டியைத் தபாலிலேயே அனுப்பிவிடலாம் என்பதால் கிராமத்துக்கு ஏற்றது. பெருங்குடலுக்குள் கேமராக் குழாயைச் செலுத்திப் பார்க்கும் கோலனோஸ்கோபியில் குறை இல்லையென்றால் பத்தாண்டுக்கு ஒரு முறை.

தபால் பெட்டியோடு வேலை முடிந்தது என்று இருந்துவிடும் திட்டங்கள் ஓர் இடத்தில் சறுக்குகின்றன. மலத்தில் ரத்தம் இருப்பதாக முடிவு வந்தவர் கட்டாயம் கோலனோஸ்கோபிக்குப் போக வேண்டும். அதற்கு முந்தின நாள் முழுக்க வயிற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். மயக்க மருந்து கொடுப்பதால் அன்று அவர் கார் ஓட்டக் கூடாது, கூட ஒருவர் வந்தே ஆக வேண்டும். தனியாக வாழும் எழுபது வயதுக்காரருக்கு, பஸ் இல்லாத கவுன்டியில், எண்பது மைல் தள்ளி உள்ள ஆஸ்பத்திரிக்கு அந்த ஒருவர் யார்? சந்திப்பு நாளை உறுதி செய்யும் தொலைபேசி அழைப்பிலேயே கிளினிக்காரர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'உங்களை யார் காரில் கூட்டிக்கொண்டு வருவார்கள்?' என்பது. பதில் இல்லையென்றால், நாளைக் குறிக்கும் முன்பே வண்டிக்கும் துணைக்கும் ஏற்பாடு செய்துவிட வேண்டும்.

வணக்கம்.