கேட்ட கதையே கலைஞனைச் செதுக்குகிறது

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம். கையில் இருப்பது எட்டே நிமிடம் என்பதால் வணக்கத்தை இத்தோடு முடித்துக்கொள்கிறேன்.

கலைஞனையும் அவன் படைப்பையும் உருவாக்குவதில் விஞ்சி நிற்பது அவன் கேட்ட கதையா, அவன் வாழ்ந்த இடமா என்பது தலைப்பு. கதையே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தலைவர் இடத்தின் பெருமையை அழகாகவே எடுத்துரைத்தார். அதோடு நிறுத்தியிருந்தால் பாதித் தலைப்பை நானே அவருக்கு விட்டுக்கொடுத்திருப்பேன். ஆனால் போகிற போக்கில், "கதை கேட்டால் பிள்ளைக்குத் தூக்கம் வரும், கலை எங்கிருந்து வரும்?" என்று கேட்டுவிட்டு, அவையின் கைதட்டலை அள்ளிக்கொண்டு போய் உட்கார்ந்துவிட்டார். நடுவர் அவர்களே, நீங்களும் சிரித்தீர்கள். அதையும் குறித்து வைத்திருக்கிறேன்.

ஆகவே தூக்கத்தைப் பற்றியே பேசுவோம்.

ஆன்றி ரூசோ என்று ஓர் ஓவியர். 1844இல் பிரான்சில் பிறந்தவர். பாரிஸ் நகருக்குள் வரும் சரக்குகளுக்கு நுழைவு வரி வாங்கும் சுங்கச் சாவடியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்த்தவர். ஓவியத்தைப் பள்ளியில் முறையாகப் பயிலாதவர். பிரான்சின் எல்லையை வாழ்நாளில் ஒருமுறையும் தாண்டாதவர். எதிரணியின் கணக்குப்படி இவர் எதை வரைந்திருக்க வேண்டும்? சுங்கச் சாவடியை. உண்மையைச் சொல்கிறேன், அதையும் வரைந்தார்! ஆனால் ரூசோ என்றதும் உலகத்தார் கண்முன் வருவது அந்தச் சாவடியா? 1891இல் அவர் காட்சிக்கு வைத்த புலியல்லவா? புயலில் மரங்கள் சாய, மழை கோடுகோடாக இறங்க, பல்லைக் காட்டிக்கொண்டு பதுங்கும் அந்தப் புலியை லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் இன்றும் பார்க்கலாம். வரி வாங்கிய கை வரைந்த புலி அது!

காட்டையே பார்க்காதவருக்குக் காடு எப்படி வந்தது? இளமையில் அவர் படையில் பணியாற்றியபோது, மெக்சிகோ போரிலிருந்து உயிர் பிழைத்துத் திரும்பிய வீரர்களைச் சந்தித்தார். அந்த நாட்டைப் பற்றி அவர்கள் சொன்ன கதைகளைக் கேட்டார். கேட்டவர் அதை விடவில்லை. கதையும் அவரை விடவில்லை. பிற்காலத்தில் ரூசோவே மெக்சிகோவுக்குப் போய்வந்தவர் என்று ஊரெல்லாம் பேசிக்கொண்டார்கள். அவர் அதை மறுக்கவும் மெனக்கெடவில்லை. போகாத நாட்டுக்குப் போய்வந்தவர் என்ற பெயரைக்கூட அவருக்கு வாங்கித் தந்தது கதைதான், பயணச்சீட்டு இல்லை.

எதிரணியில் ஒருவர் விறுவிறுவென்று குறிப்பெடுப்பது தெரிகிறது. "பாரிஸ் தாவரவியல் பூங்காவில் அவர் செடிகளைப் பார்த்தாரே, பூங்காவும் ஓர் இடம்தானே?" என்று எழுதுகிறார் போலும். ஐயா, தாராளமாக எழுதிக்கொள்ளுங்கள். அவர் அங்கே போனது உண்மை. அந்தக் கண்ணாடிக் குடிலுக்குள் பாரிஸ் நகரத்தார் எத்தனையோ பேர் போனார்கள். செடியைப் பார்த்தார்கள், திரும்பினார்கள். காதில் ஏற்கெனவே ஒரு காட்டைச் சுமந்துகொண்டு போனவருக்கே தொட்டிச் செடி காடாக விரிந்தது.

இப்போது தூக்கத்துக்கு வருகிறேன். மறந்துவிட்டேன் என்று தலைவர் மகிழ வேண்டாம். ரூசோ இறந்த ஆண்டு 1910. அதே ஆண்டில் அவர் ஒரு பெரிய ஓவியம் வரைந்தார். அடர்ந்த காடு, சிங்கம், யானை, நிலா, குழலூதும் ஒருவர், நடுக்காட்டில் ஒரு சோபா, அதில் சாய்ந்திருக்கும் ஒரு பெண். காட்டில் சோபா எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கு அவரே விளக்கம் எழுதினார். சோபாவில் உறங்கும் அந்தப் பெண், தான் காட்டுக்குப் போய்க் குழலோசை கேட்பதாகக் கனவு காண்கிறாளாம். தலைவரே, உறங்கியதால் வந்த கலை இது! அவள் விழித்திருந்தால் நமக்குக் கிடைத்திருப்பது வெறும் சோபா.

இரண்டாவதாகப் பேசிய அம்மையார் ஜப்பானிய ஓவியர் ஹொக்குசாயைக் கொண்டுவந்தார். ஃபூஜி மலையின் முப்பத்தாறு காட்சிகள் என்று தொடங்கி, மக்கள் விரும்பியதால் மேலும் பத்துச் சேர்த்து 46 அச்சோவியங்களாக வளர்ந்த அந்த வரிசையை மலை தந்த கொடை என்றார். மலை எல்லார் கண்ணிலும்தானே பட்டது? அந்த மலையுச்சியில் சாவா மருந்தை எரித்தார்கள் என்று ஓராயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஒரு ஜப்பானியக் கதை சொல்கிறது. எழுபது வயதைக் கடந்த அந்தக் கிழவர், நூற்றுப்பத்து வயதில் தம் ஒவ்வொரு புள்ளியும் கோடும் உயிர்பெறும் என்று 1834இல் எழுதிவைத்தார். இந்த ஆசைக்கும் அந்தக் கதைக்கும் தொடர்பே இல்லை என்று நம்ப என் மனம் ஒப்பவில்லை.

மூன்றாமவர் தொல்காப்பியத்தையே தூக்கிக்கொண்டு வந்தார். நிலமும் பொழுதும் முதற்பொருள் என்று அவர் சொன்னபோது அரங்கமே அதிர்ந்தது. ஆனால் அதே அகத்திணையியலில் "உரிப்பொருள் அல்லன மயங்கவும் பெறுமே" என்றும் இருக்கிறதே, அந்தப் பக்கம் மட்டும் ஒட்டிக்கொண்டு திறக்கவில்லையா? பொழுது மயங்கலாம், பறவையும் பூவும் இடம் மாறலாம், மனிதர்கள் கூடியதும் பிரிந்ததும் காத்திருந்ததுமாகிய உரிப்பொருள் மட்டும் மயங்கக் கூடாது. கூடியவர், பிரிந்தவர் பட்ட பாட்டுக்குக் கதை என்பதன்றி வேறென்ன பெயர்? இன்னும் ஒன்று. தொல்காப்பியர் பாலைக்கு நிலம் பிரித்துக் கொடுக்கவே இல்லை. சொந்தமாக ஒரு பிடி மண் இல்லாத அந்தத் திணைக்கு, பிரிவு என்ற ஒரே உரிப்பொருளை நம்பி, அகநானூற்றின் 400 பாடல்களில் 200 பாடல்கள் கிடைத்திருக்கின்றன. இதற்கு மேல் நான் வாதாட வேண்டியதில்லை.

மணி அடிக்கப் போகிறது. நடுவர் அவர்களே, தலைவரின் கேலிக்கு இவ்வளவு நேரம் மறுப்புச் சொன்னேன். இப்போது அதை ஒப்புக்கொள்கிறேன். கதை கேட்டால் தூக்கம் வரும். எனக்கு வந்தது. என் பாட்டி ஒரே கதையைப் பல இரவுகள் சொன்னார். அண்ணனைத் தேடிக் காட்டுக்குள் போகும் ஒரு சிறுமியின் கதை. ஆற்றங்கரையில் அவள் நின்று "அண்ணா" என்று கூப்பிடுவாள். அக்கரையிலிருந்து ஒரு குரல் பதில் சொல்லும். அது அண்ணனின் குரலா, வேறு எதுவுமா என்று பாட்டி சொல்வதற்குள் நான் உறங்கிவிடுவேன். ஒவ்வொரு இரவும் சரியாக அதே இடத்தில். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்றே இருந்தேன். ஒருநாள் பாட்டி போய்விட்டார்.

அந்தக் கதையின் முடிவு வேறு யாருக்கும் தெரியவில்லை. அம்மாவுக்கும் தெரியவில்லை. நானாக எத்தனையோ முடிவுகளைக் கட்டிப் பார்த்தேன். ஒன்றும் பாட்டியின் குரலில் பொருந்தவில்லை. இந்த மேடைக்கு என்னை இழுத்து வந்தது அந்தத் தேடல்தான். நேற்று இரவு அதே கதையை என் மகளுக்குச் சொன்னேன். சிறுமி ஆற்றங்கரைக்கு வந்தாள், கூப்பிட்டாள், அக்கரையிலிருந்து குரல் வந்தது. குனிந்து பார்த்தேன்; மகள் உறங்கிவிட்டிருந்தாள்.

நான் நெடுநேரம் விழித்திருந்தேன். வணக்கம்.