முந்திரிப் பழச்சாறு: சவ்வில் வடிவதும் தங்குவதும்

[காட்சி: கண்ணாடிக் குவளையில் கலங்கல் மஞ்சளாய்ச் சாறு]

இது இப்போதுதான் பிழிந்த முந்திரிப் பழச்சாறு. பண்ருட்டிப் பக்கம் கொட்டையைத் திருகி எடுத்ததும் பெரும்பாலும் தோப்பிலேயே அழுகிப்போகும் பழம். பிரேசிலில் இதே சாற்றைத் தெளியவைத்து, புட்டியோடு சூடாக்கி, ‘கஜுயினா’ என்று விற்கிறார்கள். ஆரஞ்சைவிடப் பல மடங்கு வைட்டமின் சி உள்ள பழத்தை மண்ணுக்கு விடுவது பெரிய இழப்பு.

தடை இரண்டு: தொண்டையைப் பிடிக்கும் துவர்ப்பு, ஒரே நாளில் புளித்துப்போகும் குணம்.

பழத்தை எவர்சில்வர் கத்தியால் நறுக்குங்கள். இரும்பு பட்டால், துவர்ப்பைத் தரும் டானின் என்ற பொருளோடு சேர்ந்து சாறு கறுக்கும். பிழிந்து துணியில் வடித்து, பழப்பசையை உடைக்கும் பெக்டினேஸ் நொதி சேர்த்து 30 டிகிரியில் ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு லிட்டருக்கு 5 கிராம் ஜவ்வரிசியைக் கூழாக்கிக் கலந்து, குளிரறையில் ஓரிரவு வையுங்கள். டானின் கூழோடு சேர்ந்து அடியில் படியும். மேலே நிற்பதை மட்டும் இறுத்து எடுங்கள். கூழ் கலந்து வந்தால், அடுத்து சாற்றை வடிகட்டப்போகும் சவ்வில் பசையாக ஒட்டும்.

[காட்சி: பீங்கான் குழாயின் குறுக்குவெட்டு]

இந்தப் பீங்கான் குழாயின் உட்சுவர்தான் சவ்வு. துளை அளவு 0.2 மைக்ரான். ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் நுழையாது. சர்க்கரை, அமிலம், வைட்டமின் சி தாராளமாக நுழையும். காபி வடிகட்டியில் திரவம் நேராக இறங்கும். இங்கே சாறு குழாய் நெடுக விநாடிக்கு 4, 5 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது; தெளிந்தது மட்டும் பக்கச் சுவர் வழியே கசிகிறது. சுவரில் படிவதை ஓட்டமே அரித்துக்கொண்டு போகும்.

அழுத்தத்தை அரை பாரில் (பார் என்பது அழுத்த அளவு) தொடங்கி மெல்ல ஏற்றுங்கள். 2 பாருக்கு மேல் வேண்டாம். முதல் கால் மணி நேரத்தில் வடியும் அளவு மளமளவென்று குறையும். இந்த இடத்தில்தான் பலர் அழுத்தத்தைக் கூட்டுகிறார்கள். கூட்டினால் சுவரில் படிந்த பசை இறுகி, இன்னும் குறையும். அழுத்தத்தைக் குறைத்து ஓட்ட வேகத்தைக் கூட்டுவதுதான் சரி. பம்ப் சுற்றச் சுற்றச் சாறு சூடேறும். குளிர்விப்பான் வைத்து 35 டிகிரிக்குள் நிறுத்துங்கள். தொட்டிக்குத் திரும்பும் குழாயின் வாய் சாற்றுக்குள் முழுகியிருக்கட்டும். மேலிருந்து கொட்டினால் நுரைத்துக் காற்று கலக்கும், வைட்டமின் சி போய்விடும்.

100 லிட்டரில் 90 லிட்டர் தெளிந்து வந்துவிட்டது என்று வையுங்கள். கண்ணாடிபோல் இருந்தாலும், பழத்தைப் பழுப்பாக்கும் நொதிகள் துளை வழியே வந்திருக்கும். 90 டிகிரியில் சில விநாடி சூடாக்கி, சுத்தமான சூழலில் அடைத்தால்தான் நிறம் நிற்கும்.

[காட்சி: தொட்டியில் மிஞ்சிய அடர் மஞ்சள்]

மிஞ்சிய 10 லிட்டரைக் கொட்டிவிடாதீர்கள். மஞ்சள் நிறம் தரும் கரோட்டினாய்டு நீரில் கரையாது. சதைத் துகளில் ஒட்டி இங்கேயே தங்கிவிடும். கிட்டத்தட்ட பத்து மடங்கு செறிவு. கூடவே சர்க்கரையும் இருப்பதால், நீர் விட்டு அதே சவ்வில் வடித்துக் கழுவ வேண்டும். வடிகிற அளவுக்கே நீரைச் சொட்டச் சொட்ட விட்டு, 30 லிட்டர் செலவழித்தால் சர்க்கரையில் 5 சதவீதம்தான் மிஞ்சும். அதே 30 லிட்டரை பத்துப் பத்தாக மூன்று தடவை ஊற்றி வடித்தால் 12.5 சதவீதம் மிஞ்சும். நீர் ஒன்றே, ஊற்றும் விதம்தான் வேறு. பிரேசிலின் எம்ப்ராப்பா, பிரான்சின் சிராட் ஆகிய வேளாண் ஆராய்ச்சி நிறுவனங்களின் ஆய்வாளர்கள் சாறு பிழிந்த சக்கையிலிருந்தே இப்படி மஞ்சள் சாரம் எடுத்திருக்கிறார்கள். எங்கள் பார்வையில் லாபம் இந்தப் பத்து லிட்டரில்தான் இருக்கிறது.

வேலை முடிந்த கையோடு கழுவுங்கள். காய்ந்தால் பசை விடாது. முதலில் வெதுவெதுப்பான நீர். குளிர்ந்த பீங்கானில் கொதிக்கக் கொதிக்க எதையும் விடாதீர்கள், விரிசல் விடும். பிறகு 1 சதவீத காஸ்டிக் சோடா, 70 டிகிரியில் அரை மணி நேரம். நன்றாக அலசி, 0.5 சதவீத நைட்ரிக் அமிலம். பிளீச்சிங் திரவம் பயன்படுத்தினால் அமிலத்தோடு கலக்கவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும்.

கடைசியாக வெறும் நீரை ஓட்டி, நிமிடத்துக்கு எவ்வளவு வடிகிறது என்று அளந்து எழுதுங்கள். சவ்வு புதிதாக இருந்தபோது அதே சூட்டில், அதே அழுத்தத்தில் வடிந்ததில் பத்தில் ஒன்பது பங்கு வராவிட்டால், இன்னொரு முறை காஸ்டிக்.