சிலந்தி இல்லாத வயல்

நேயர்களுக்கு வணக்கம்.

சம்பாவில் கதிர் வரும் சமயம், காட்டுமன்னார்கோயில் பக்கத்து வயல்களில் சில ஆண்டுகளில் பார்த்திருப்பீர்கள்: நடு வயலில் வட்ட வட்டமாகப் பயிர் தீய்ந்து கிடக்கும். புகையான் பூச்சி இறங்கிவிட்டது என்று மருந்துக்கடைக்கு ஓடுவோம். அதற்கு முன் ஒரு குத்தை, அதாவது ஓரிடத்தில் நட்ட நெற்கொத்தை, விரித்து, தண்ணீரை ஒட்டிய அடித்தண்டைக் குனிந்து பாருங்கள்.

அரிசியைவிடச் சிறிய பழுப்புப் பூச்சிகள் அங்கே அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். அவைதான் புகையான். அவற்றுக்கு நடுவில், முதுகில் கவட்டைபோல் ஒரு குறியுடன் ஓநாய்ச் சிலந்தி ஓடும். வலை பின்னாது, தண்ணீர்மேல் ஓடியே இரை பிடிக்கும். தாய்ச் சிலந்தி முட்டைப் பையை இழுத்துக்கொண்டே வேட்டையாடும், பொரித்த குஞ்சுகளை முதுகில் சுமக்கும். நாளொன்றுக்கு 5 முதல் 15 பூச்சிகள் வரை தின்னும்.

மருந்தடித்தால் இரண்டும் சாகின்றன. ஆனால் புகையானின் முட்டைகள் இலையுறைக்குள் பத்திரமாக இருக்கின்றன. ஒரு வாரம், பத்து நாளில் அவை பொரிக்கும்போது வயலில் தடுக்க ஆளில்லை. சிலந்தி அவ்வளவு வேகமாகப் பெருகாது. செயற்கைப் பைரித்ராய்டு என்ற வகைப் பூச்சிமருந்துகளுக்குப் பிறகு புகையான் முன்னைவிட அதிகமாகப் பெருகுவதும் உண்டு. மறுபடி மருந்து, மறுபடி கடன்.

இந்தோனேசியா இதைப் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1986-ல் 57 வகை மருந்துகளை நெல்லுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று அந்நாடு தடை செய்தது. விளைச்சல் குறைந்துவிடவில்லை. பூச்சிகளைத் தின்னும் நம் வயல் தவளைகளுக்கும் நேர்ந்த கதை வேறல்ல. கால்களுக்காக அவற்றைப் பிடித்து ஏற்றுமதி செய்துகொண்டிருந்தோம். 1987-ல்தான் தடை வந்தது.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தமானது. சிலந்தி இல்லாத வயலில் தூருக்கு, அதாவது குத்தில் கிளைத்த ஒரு தண்டுக்கு, ஒரு புகையான் இருந்தாலே நடவடிக்கை தேவை. குத்துக்கு ஒரு சிலந்தி இருந்தால் தூருக்கு இரண்டு வரை பொறுக்கலாம். ஒரு சிலந்தியின் உழைப்புக்கு விஞ்ஞானம் கொடுத்த மதிப்பு இது. ஆனால் எண்ணிப் பார்க்கத்தான் நமக்குப் பொறுமை இருப்பதில்லை.

அடுத்த நடவில் எட்டடிக்கு ஓரடி பட்டம், அதாவது நடாத இடைவெளி, விடுங்கள். காற்றும் வெயிலும் அடித்தண்டுவரை இறங்கட்டும். யூரியாவை ஒரேயடியாகக் கொட்டாமல் பிரித்துப் போடுங்கள். புகையான் தென்பட்டால் முதலில் தண்ணீரை வடியுங்கள். அதற்கும் அடங்காமல் எல்லை தாண்டினால் மட்டும், வேளாண்மை அலுவலரைக் கேட்டு, அடித்தண்டில் படும்படி மருந்தடியுங்கள்.

நன்றி, வணக்கம்.